குழியை அளந்தேன், தண்ணீரை அளக்கவில்லை

எங்கள் வீட்டுப் பின்பக்கக் குளத்தின் மேல்விளிம்பு 14 அடி நீளம், 9 அடி அகலம். ஆழம் 4 அடி. மூன்றையும் பெருக்கினால் 504 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று போட்டால் 14,000 லிட்டரைத் தாண்டும். இரண்டு வருடத்துக்கும் மேலாக இந்த எண்ணைத்தான் நம்பியிருந்தேன். பம்பு வாங்கியது, மீன்குஞ்சு வாங்கியது, கடைசியில் மருந்து போட்டது எல்லாம் இந்த 14,000 கணக்கில்தான். அந்தக் குளத்தில் உண்மையில் நிற்கும் தண்ணீர் 7,700 லிட்டர். கிட்டத்தட்டப் பாதி. இந்த ஓர் எண் தவறியதால் எங்கள் வீட்டில் இரண்டு முறை மீன் செத்தது. குளம் வெட்ட நினைக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்கு வடக்கே உள்ள பீடோங்கில். வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளை விட்டு ஒவ்வொரு குடும்பமாக வெளியேறியபோது நாங்களும் இந்தத் தாமான் குடியிருப்பில் ஒரு கார்னர் லாட் வீட்டைக் கடன் போட்டு வாங்கினோம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருந்ததால்தான் அந்த வீட்டுக்கு அப்பா சம்மதித்தார். தோட்டத்துக் கால்வாயில் விரால் பிடித்து வளர்ந்தவர் அவர். அவருக்கு 80 வயது நெருங்கும்போது, உட்கார்ந்து பார்க்க ஒரு குளம் வேண்டும் என்றார்.

2018 டிசம்பர் பள்ளி விடுமுறையில் நானும் மாமா பையன்கள் இருவரும் மண்வெட்டியோடு இறங்கினோம். தாமான் வீட்டில் தோண்டுகிறவர்கள் முதலில் கழிவுத் தொட்டி எங்கே இருக்கிறது, அதன் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அது முன்பக்கம், தப்பித்தோம். நல்ல செம்மண். சுவரைச் செங்குத்தாக வெட்டப் போனேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தடுத்தார். "தம்பி, நேரா வெட்டாதே. மழைக்குச் சரிஞ்சி விழுந்திடும். சாய்ச்சி வெட்டு." அவர் சொன்னபடி நாலு பக்கமும் சாய்த்து வெட்டினோம். அடித்தளம் 10 அடிக்கு 5 அடி என்று வந்தது. அந்தச் சாய்வு இன்றுவரை ஒரு பிடி மண்கூடச் சரியாமல் நிற்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது நான்தான்.

விரிப்பு வாங்கும்போது கணக்கு சரியாகவே வந்தது. நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டி, ஓரத்தில் மடித்துப் புதைக்கப் பக்கத்துக்கு ஓர் அடி வீதம் இன்னும் 2 அடி கூட்ட வேண்டும். 14, 8, 2 சேர்ந்து 24 அடி. அகலத்துக்கு 9, 8, 2 சேர்ந்து 19 அடி. சாய்ந்த சுவருக்கு இது கொஞ்சம் தாராளமான கணக்கு, ஆனால் விரிப்பில் தாராளம் நல்லது. அரை அடி குறைந்தாலும் ஒட்டுப்போட வேண்டிவரும், ஒட்டுப்போட்ட இடம் என்றைக்கும் சந்தேகம்தான். கடையில் மலிவாகக் கிடைக்கும் நீலக் கென்வாஸ் வேண்டாம். வெயிலில் ஒரு வருடத்துக்குள் நைந்துவிடும். குளத்துக்கென்றே வரும் தடித்த கறுப்பு விரிப்பை வாங்குங்கள்.

அந்த விரிப்பு வந்து சேர மூன்று வாரம் ஆனது. இடையில் மழை பெய்து குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஒரு வாரம் கழித்துக் குனிந்து பார்த்தால் கொசுப் புழு நெளிகிறது. நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வளாகத்தில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு இருந்தால் அபராதம் உண்டு. அபராதத்தைவிட டெங்கிதான் பெரிய பயம். அன்றைக்கே தண்ணீரை இறைத்துக் கொட்டினேன். மீன் இருக்கும் குளத்தில் புழு தங்காது. ஆபத்து மீன் விடுவதற்கு முன்னால் இருக்கும் நாட்களில்தான். குழியைத் திறந்தபடி போட்டுவைக்காதீர்கள்.

சரி, மீனுக்கு வருகிறேன்.

முதலில் விட்டது திலாப்பியா. ஏர் பம்பு இல்லாத குளத்துக்கு 1,000 லிட்டருக்கு 4 மீன் போதும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். 14 பெருக்கல் 4 என்று போட்டு, கொசுறாகக் கொஞ்சம் சேர்த்து 60 குஞ்சு வாங்கினேன். 2 அங்குலக் குஞ்சு 60-ஐக் கொட்டியபோது குளத்தில் மீன் இருப்பதே தெரியவில்லை. இன்னும் 60 வாங்கியிருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். இங்கேதான் எல்லோருக்கும் கண் ஏமாறுகிறது. கணக்குப் போட வேண்டியது குஞ்சுக்கு இல்லை, ஆறேழு மாதம் கழித்து அது என்ன எடை இருக்குமோ அந்த எடைக்கு. ஒவ்வொன்றும் 300 கிராம் வந்தால் 60 மீன் 18 கிலோ. 7,700 லிட்டரில் 18 கிலோ மீன் என்றால், காற்று ஊதாத குளத்துக்கு அது சுமை.

குளம் வெட்டியதற்கு மறு வருடம் அக்டோபரில் இரண்டு நாள் வெயிலே இல்லை. மழை மூட்டம். மூன்றாம் நாள் விடியற்காலை அப்பா என்னை எழுப்பினார். "மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறக்குது, வந்து பாரு." டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் மட்டம் முழுவதும் வட்ட வட்டமாக வாய்கள். ஒன்றுகூடக் கீழே இல்லை. ஹோஸை உயரத்தில் பிடித்து மழை மாதிரி அடித்தேன். அதில் பெரும்பாலானவை தப்பின. நான்கு பெரிய மீன்கள் அன்று காலை மிதந்தன.

அது ஏன் விடியலில் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் குளத்தின் அளவு ஏன் முக்கியம் என்று புரியும். பச்சைத் தண்ணீரில் இருக்கும் பாசி பகலில் வெளிச்சத்தால் ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவும் மீனைப் போல ஆக்சிஜனை எடுக்கும். அதனால் சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. பகல் முழுக்க மூட்டமாக இருந்தால் சேமிப்பே இல்லாமல் இரவுக்குள் போகிறோம். போதாததற்கு நம் ஊர்த் தண்ணீர் சூடு. 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் 7.5-க்குமேல் பிடிக்காது. குளிர் நாட்டில் எழுதிய மீன் கணக்கை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. காற்று தண்ணீருக்குள் இறங்குவதும் மேல்மட்டத்தின் வழியாகத்தான். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு குளத்தில் அகலமானதுதான் நன்றாக மூச்சுவிடும். அதற்காகத் தட்டு மாதிரி வெட்டிவிடவும் கூடாது. ஒன்றரை அடித் தண்ணீர் மத்தியானத்தில் வெந்நீராகிவிடும், கொக்குக்கும் வசதி. 3 அடிக்குக் குறையாத தண்ணீர் என்பது என் அனுபவத்தில் சரியான அளவு.

அன்றே ஏர் பம்பு வாங்கினேன். பாதி மீனைப் பிடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தோம். ஆனால் 14,000 என்ற எண்ணை நான் சந்தேகப்படவில்லை. மூட்டம்தான் காரணம் என்று விட்டுவிட்டேன்.

மீதித் திலாப்பியாவும் சமையலுக்குப் போன பிறகு, அப்பாவுக்காக அழகுக்கு வளர்க்கும் கோய் மீன் வாங்கினோம். வளர்ந்த கோய்க்குத் தலைக்கு 1,000 லிட்டராவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 14,000 லிட்டர், 14 மீன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லோரும் வீட்டில் அடைந்தபோது அந்தக் குளம்தான் எங்களுக்கு வெளியுலகம். அப்பா காலையும் மாலையும் அங்கேதான் இருப்பார். சிவப்பும் வெள்ளையுமாக ஒன்று அவர் கையிலிருந்தே தீனி வாங்கும்.

2021 பிப்ரவரியில், நல்ல வறட்சிக் காலத்தில், மீன்களுக்கு மேலே சிறு சிறு புண் வந்தது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடச் சொன்னார்கள், 1,000 லிட்டருக்கு 2 கிராம். அந்த அளவு சரியான அளவு, சொன்னவர்மேல் குற்றம் இல்லை. நான் சமையல் தராசில் 28 கிராம் நிறுத்தேன். வாளித் தண்ணீரில் கரைத்துச் சுற்றி ஊற்றினேன். குளம் கத்தரிப்பூ நிறமாக மாறியது. அரை மணி நேரத்தில் மீன்கள் தாறுமாறாகப் பாய ஆரம்பித்தன. ஒன்று துள்ளி வெளியே விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஆறு மீன் செத்துவிட்டது. அப்பா கையில் தீனி வாங்கும் மீனும் அதில் ஒன்று. 7,700 லிட்டரில் 28 கிராம் என்றால் 1,000 லிட்டருக்கு 3.6 கிராம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே அவ்வளவுதான் இடைவெளி.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை எடுக்கப் போடுகிறோமே ஆன்டி-குளோரின், அதாவது சோடியம் தயோசல்பேட், அது பெர்மாங்கனேட்டையும் முறித்துவிடும். கத்தரிப்பூ நிறம் உடனே போய்விடும். அன்று ஒரு பை நிறைய என் அலமாரியில் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. பெர்மாங்கனேட் போடுகிறவர்கள் அதைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு போடுங்கள், ஏர் பம்பையும் ஓடவிடுங்கள்.

அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில்தான் பேசினார். "இதுல எத்தனை டிரம்மு தண்ணி இருக்குன்னு போட்டே?" அவர் கணக்கில் டிரம் என்றால் தோட்டத்தில் தண்ணீர் பிடித்துவைத்த 44 கேலன் டிரம். 200 லிட்டர். வகுத்துப் பார்த்து 71 டிரம் என்றேன். குளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவு வராதுப்பா. ஸ்டோருல பாலை ஊத்துறப்ப கிராணி வாளி ரொம்பியிருக்கான்னு பார்த்தா கணக்கு எழுதுவாரு? மெட்ரோலாக்கைப் பாலுக்குள்ள விட்டுப் பார்த்துத்தானே எழுதுவாரு. நீ வாளியைப் பார்த்து எழுதியிருக்கே."

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். மெட்ரோலாக் என்பது ரப்பர்ப் பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று காட்டும் மிதவை. மழைத் தண்ணீர் கலந்த பால் வாளியை நிறைக்கும், ஆனால் கணக்கில் நிற்காது. அப்பா சொன்னது எனக்கு அப்படியே உறைத்தது. நான் அளந்தது குழியை. மீன் இருப்பது தண்ணீரில்.

மீதி எட்டு மீனையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் காற்று ஊதி வைத்துவிட்டு, குளத்தைக் காலி செய்தேன். தண்ணீரெல்லாம் வாழைக்குப் போனது. விரிப்பைக் கழுவித் துடைத்து, இரவு 10 மணிக்கு வெளியே போய்த் தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்தேன். கண்ணாடிமேல் எறும்புப் புற்று மண். துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பு எண்கள் கன மீட்டர், பக்கத்தில் இருக்கும் சிவப்பு எண்கள் லிட்டர். கறுப்பில் 1846, சிவப்பில் 215. எழுதிக்கொண்டேன். வீட்டில் எல்லோரையும் அதற்கு முன்பே குளித்து முடிக்கச் சொல்லி, துணி மெஷினை நிறுத்தி, பாத்ரூம் தொட்டிகளையும் நிரப்பி வைத்திருந்தேன். உடனே ஹோஸைக் குளத்தில் விட்டேன். காலை 6.40-க்குத் தண்ணீர் வழக்கமான மட்டத்துக்கு வந்தது. குழாயை மூடிவிட்டு மறுபடி மீட்டருக்குப் போனேன். கறுப்பு 1853, சிவப்பு 930. வித்தியாசம் 7.715 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். அவ்வளவுதான், இனி சந்தேகமே இல்லை. 38 டிரம் சொச்சம்.

மீட்டர் பார்க்க முடியாதவர்கள் வாளியும் கடிகாரமும் வைத்துச் செய்யலாம். எங்கள் குழாய் 20 லிட்டர் வாளியை 80 வினாடியில் நிரப்பியது. நிமிடத்துக்கு 15 லிட்டர். 520 நிமிடம் ஓடியது. பெருக்கினால் 7,800. மீட்டரோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. இரவில் அழுத்தம் கூடும் குறையும் என்பதால் இரண்டு மூன்று முறை வாளி வைத்துப் பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது.

அப்புறம் உட்கார்ந்து, மீதித் தண்ணீர் எங்கே போனது என்று பார்த்தேன். முதல் தவறு ஆழம். குழி 4 அடி ஆழம், ஆனால் தண்ணீர் விளிம்புவரை நிற்காது. எங்கள் தரை லேசான சரிவு. ஒரு பக்க விளிம்பு மற்றப் பக்கத்தைவிட 3 அங்குலம் தாழ்ந்திருக்கிறது. தண்ணீர் தாழ்ந்த பக்கத்துக்குத்தான் கட்டுப்படும். வழியாமல் இருக்க அதற்கும் கீழே இன்னும் 3 அங்குலம் விட்டிருந்தோம். ஆக, தண்ணீரின் ஆழம் 3.5 அடி. விளிம்பைச் சமமாக்கியிருந்தால் அந்த 3 அங்குலத்தில் மட்டும் 800 லிட்டருக்குமேல் கிடைத்திருக்கும். வெட்டுவதற்கு முன்பே ஒரு கண்ணாடி ஹோஸில் தண்ணீர் ஊற்றி, இரண்டு முனையையும் இரண்டு கரையில் பிடித்து மட்டம் பாருங்கள். கொத்தனார்கள் காலங்காலமாகச் செய்வதுதான், காசே செலவில்லை.

இரண்டாவது, பெரியது, சாய்வு. தண்ணீர் மட்டத்தில் அளந்தால் 13.5 அடிக்கு 8.5 அடி. அடியில் 10-க்கு 5. இந்த மாதிரி மேலே விரிந்து கீழே குறுகும் குழிக்குச் சரியான கணக்கு இப்படி: மேல்பரப்பு, நடு ஆழத்தில் உள்ள பரப்பின் நான்கு மடங்கு, அடிப்பரப்பு மூன்றையும் கூட்டி, 6-ஆல் வகுத்து, ஆழத்தால் பெருக்க வேண்டும். எங்கள் குளத்துக்கு மேல்பரப்பு 114.75 சதுர அடி. நடுவில் 11.75-க்கு 6.75, அதாவது 79.3. அடியில் 50. கூட்டி வகுத்தால் 80.3. அதை 3.5-ஆல் பெருக்கினால் 281 கன அடி. லிட்டரில் 7,960. மீட்டர் காட்டியதற்கும் இதற்கும் உள்ள 250 லிட்டர் வித்தியாசம், செடித் தொட்டி வைக்க ஒரு மூலையில் அடுக்கிய கல்லும், வளைந்த மூலைகளும்.

இவ்வளவு கணக்கு வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு சுலபம் சொல்கிறேன். தண்ணீர் நிற்கப்போகும் ஆழத்தில் பாதி எங்கே வருகிறதோ அந்த உயரத்தில் டேப்பைப் பிடித்து நீளம் அகலம் அளந்து, முழுத் தண்ணீர் ஆழத்தால் பெருக்குங்கள். எங்கள் குளத்துக்கு அது 7,860 லிட்டர் தருகிறது. பெரிய கணக்கைவிட 100 லிட்டர்தான் குறைவு. குறைவாக வருவது நல்லதும்கூட, ஏனென்றால் மீனும் மருந்தும் கொஞ்சம் குறைவாகப் போடுவோம். மேலே நின்று அளக்காமல் குழிக்குள் இறங்கி நடுவில் அளந்திருந்தால் அந்த ஆறு மீனும் இருந்திருக்கும்.

வட்டக் குளத்துக்கு, கெளுத்தி வளர்க்க வாங்குகிற கென்வாஸ் தொட்டி மாதிரி, குறுக்களவைக் குறுக்களவால் பெருக்கி 0.785-ஆல் பெருக்குங்கள், பிறகு ஆழம். 10 அடி குறுக்களவு, 3 அடித் தண்ணீர் என்றால் 235 கன அடி, ஏறக்குறைய 6,660 லிட்டர். முட்டை வடிவத்துக்கும் அதே 0.785-தான், நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிய பிறகு. கோணல்மாணலான குளத்துக்கு நீளவாக்கில் ஒரு கயிறு கட்டி, 2 அடிக்கு ஒருமுறை அகலத்தை அளந்து சராசரி எடுத்தால் போதும்.

ஏற்கெனவே தண்ணீரும் மீனும் இருக்கும் குளத்தைக் காலி செய்ய மனம் வராதவர்களுக்கு உப்பு வழி இருக்கிறது. உப்பளவு காட்டும் மீட்டர் ஒன்று வேண்டும். முதலில் குளத்துத் தண்ணீரின் உப்பளவைக் குறித்துக்கொண்டு, தராசில் எடை போட்ட உப்பைக் கரைத்து ஊற்றி, பம்பை ஒரு நாள் ஓடவிட்டு மறுபடி அளக்க வேண்டும். 5 கிலோ உப்புப் போட்டு லிட்டருக்கு 0.65 கிராம் கூடியிருந்தால், 5,000-ஐ 0.65-ஆல் வகுத்து 7,690 லிட்டர். இந்த அளவு உப்பு கோய்க்கும் திலாப்பியாவுக்கும் ஒன்றும் செய்யாது. உப்பு ஆவியாகிப் போகாது என்பதால் இந்தக் கணக்கு நம்பகமானது. அயோடின் கலக்காத கல்லுப்பாகப் பார்த்துப் போடுங்கள்.

கேலனில் ஒரு குழப்பம் இருக்கிறது. அப்பா காலத்துக் கேலன் வெள்ளைக்காரன் கேலன், 4.55 லிட்டர். பம்புப் பெட்டிகளிலும் மருந்துப் பாட்டில்களிலும் பெரும்பாலும் இருப்பது அமெரிக்கக் கேலன், 3.79 லிட்டர். ஒரு கன அடியில் முன்னது 6.23, பின்னது 7.48. நான் இப்போது லிட்டரைத் தவிர வேறு எதிலும் கணக்குப் போடுவதில்லை.

பம்பு வாங்கும்போது, குளத்துத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வடிகட்டி வழியாகச் சுற்றி வர வேண்டும் என்று பாருங்கள். எங்களுக்கு மணிக்கு 3,850 லிட்டர். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அளவு தண்ணீரை மேலே ஏற்றாமல் தள்ளும்போது வருவது. 4 அடி ஏற்றினாலே நன்றாகக் குறையும். மணிக்கு 5,000 என்று போட்டிருந்த எங்கள் பம்பு, குழாய் முனையில் 20 லிட்டர் வாளியை நிரப்ப 24 வினாடி எடுத்தது. மணிக்கு 3,000 தான். வாளியை நம்புங்கள்.

இப்போது குளத்தோரம் ஒரு மரக்குச்சி நிற்கிறது. அதில் அப்பா ஆணியால் கீறிய கோடுகள் இருக்கின்றன. மேல் மட்டத்தில் ஓர் அங்குலம் இறங்கினால் 270 லிட்டர். ஓர் அடி இறங்கிய பிறகு ஓர் அங்குலத்துக்கு 220 தான். அடியில் 120-க்கும் குறைவு. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறோம், அதாவது 1,540 லிட்டர். மேலே இருந்து 6 அங்குலம் இறக்கினால் அது வந்துவிடுகிறது. 42 அங்குலத்தில் 6 அங்குலம் ஏழில் ஒரு பங்குதானே என்று தோன்றும், ஆனால் அகலமான பகுதி மேலே இருப்பதால் ஐந்தில் ஒரு பங்காகிறது. மாதத்துக்கு 6 கன மீட்டருக்குமேல் தண்ணீர் பில்லில் கூடும், அதையும் வெட்டுவதற்கு முன்பே யோசித்துக்கொள்வது நல்லது. வாழையும் கருவேப்பிலையும் அந்தப் பழைய தண்ணீரில் செழிக்கின்றன.

குச்சியால் இன்னொரு பயனும் உண்டு. வெயில் நாளில் ஆவியாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர், எங்கள் குளத்துக்கு 50 லிட்டர் சொச்சம். அதைவிட அதிகமாக இறங்கினால் ஒழுகுகிறதோ என்று பயம் வரும். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, குளத்துக்குள்ளேயே கல்மேல் வைத்து, இரண்டிலும் கோடு போடுங்கள். இரண்டு நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில்தான். குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் விரிப்பைச் சோதிக்க வேண்டும். மழைக்கு எதிர்க்கணக்கு: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். குளத்துமேல் விழுவது பெரிதில்லை. பின்பக்கக் கூரைத் தண்ணீர் குளத்துக்குள் வந்தால்தான் ஆபத்து. 40 சதுர மீட்டர்க் கூரை, 50 மில்லிமீட்டர் மழை என்றால் 2,000 லிட்டர் ஒரே சாயங்காலத்தில் இறங்கும். தண்ணீரின் தன்மையே மாறிவிடும், மீனும் வழிந்து லோங்காங் என்கிற சாக்கடை வடிகாலுக்குப் போய்விடும். கூரைக் குழாயைத் திருப்பிவிட்டு, குளத்துக்கு வலை கட்டிய வழிவுக் குழாய் ஒன்று வையுங்கள்.

தம்பி மகளுக்கு மூன்று வயது. அவள் வந்துபோகும் வீடு என்பதால் குளத்தைச் சுற்றி 4 அடிக்கு வேலி போட்டு, கதவுக்கு மேலே எட்டாத உயரத்தில் கொக்கி வைத்தோம். எங்கள் செலவில் இதுதான் முதலில் செய்திருக்க வேண்டியது. அந்த வேலி உடும்பையும் நிறுத்துகிறது.

என்னோடு வேலை செய்யும் நண்பர் மாடிப் பால்கனியில் 2,000 லிட்டர்த் தொட்டி கட்டப் போகிறேன் என்றார். தண்ணீர் மட்டுமே 2 டன், அதற்குமேல் கல்லும் சிமெண்டும் என்று சொல்லி, என்ஜினியரைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். இப்போது தரையில் இடம் தேடுகிறார்.

இன்று எங்கள் குளத்தில் ஏழு கோய்தான். எட்டில் ஒன்றை அத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம், கணக்கு அப்படித்தான் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசை வீட்டு அண்ணன் ஒருவர், தானும் குளம் வெட்டுவதாகச் சொல்லி டேப் இரவல் கேட்டு வந்தார். அப்பா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே, குழி சாய்வா நேரா, தரை எந்தப் பக்கம் தாழ்வு, மீட்டர் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, மரக்குச்சியையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு, அவரோடேயே கிளம்பிவிட்டார்.